நிரம்பாத கிணறு

எரிமலைச் சரிவிலுள்ள கண்காணிப்புக் கிணற்றுக்குள் தண்ணீர் லாரியின் குழாய் செருகப்பட்டிருக்கிறது. நீர்மட்டம் சரிகிறது, ஊரைக் காலி செய்யுங்கள் என்று நேற்று எச்சரித்த பாறை ஆய்வாளர் அதைப் பார்த்தபடி பல்லைக் கடிக்கிறாள். "தண்ணி குறைஞ்சா ஆபத்துன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க? அதான் ரொப்பச் சொல்லிட்டேன்," என்கிறார் அதிகாரி, பரிசு கொடுக்க வந்தவரைப்போல முகம் மலர்ந்து. "தெர்மாமீட்டரை ஐஸ்ல வெச்சா காய்ச்சல் போயிடுமா சார்? அடியில நெருப்புக்குழம்பு ஏறுது, தண்ணி ஆவியாகுது. மேல களிப்பாறை விரிசலையெல்லாம் அடைச்சுக்கிட்டு நிக்குது. விசில் அடைச்ச குக்கர் சார் இது! சைரன் ரூம் சாவியைக் குடுங்க." அதிகாரி சட்டைப்பையைப் பொத்திக்கொள்கிறார். "மேலிடத்து உத்தரவு வரட்டும்மா." சரிவின் கீழே, அவளுடைய அக்கா மொட்டைமாடியில் நிதானமாகத் துணி உலர்த்துகிறாள். "லாரியே காலி சார், இன்னும் ரொம்பல," என்கிறார் டிரைவர். கிணறு அடிவயிற்றிலிருந்து உறுமுகிறது. அழுகிய முட்டை நாற்றத்தோடு எழும் ஆவி அதிகாரியின் கண்ணாடியை வெள்ளையாக்குகிறது. "பாத்தீங்களா, தண்ணி மேல வந்துடுச்சு!" என்று துடைத்துக்கொள்கிறார். அவள் லாரியில் தாவி ஏறி ஹாரனை இரண்டு கையாலும் அழுத்துகிறாள். அதற்கு எந்த மேலிடத்து உத்தரவும் வேண்டியதில்லை. தெருவில் கதவுகள் திறக்கின்றன. அக்கா நிமிர்ந்து மலையைப் பார்க்கிறாள். கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டுப் படியை நோக்கி ஓடுகிறாள். ஹாரனிலிருந்து இவள் கையை எடுக்கவில்லை.