படகை எரித்த எட்டுப் பேர்

"படகை எரிச்ச ஆக்களை நீங்கள் கண்டனீங்களோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

விசாரணை அதிகாரி அம்பலவாணர் பேனாவைத் திறந்தபடியே கேட்டார். பதுளையில் விடிகாலை பஸ் ஏறி நமுனுகுல மலையிலிருந்த இந்தத் தேயிலைத் தோட்ட ஆபீசுக்கு வந்தவர், அதற்குள் பதினொரு பேரை விசாரித்து முடித்திருந்தார். பதினொரு பேரும் பனிமூட்டத்தைத் தவிர வேறெதையும் பார்த்திருக்கவில்லை.

பன்னிரண்டாவது ஆள் விஜயலெட்சுமி. சம்பவத்தன்று குளத்துக்கு நேர் மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள்.

"பனியா இருந்துச்சுங்கய்யா."

"அதைப் பதினொரு தரம் எழுதிப்போட்டன், பிள்ளை."

தோட்டத்துக் குளத்தில் கம்பனி ஒரு மோட்டார் படகு விட்டிருந்தது. அதில் ஏறிய காவல்காரன், விறகுக்காகத் தெப்பத்தில் அக்கரை போனவர்களை மறித்தான். தண்ணீர் மொண்ட குடங்களைப் பறித்தான். தெப்பத்தையும் உடைத்துப் போட்டான். போன சனிக்கிழமை பிற்பகல், பனிக்குள்ளிருந்து புதுத் தெப்பம் ஒன்று வந்தது. அதில் எட்டுப் பேர், முகத்தில் அடுப்புக்கரி. காவல்காரனைப் பத்திரமாகக் கரையில் உட்கார வைத்து, கையில் அவன் குடையையும் கொடுத்துவிட்டு, படகைக் கொளுத்தினார்கள். காவல்காரனுக்கு ஒரு முகம்கூட அடையாளம் தெரியவில்லை.

பக்கத்து நாற்காலியில் இருந்த தோட்ட மானேஜர் துரை கடிகாரத்தைப் பார்த்தார்.

"இந்தா பாரு விஜயலெட்சுமி. அஞ்சு மணிக்குள்ள எட்டுப் பேரும் எனக்கு வேணும். இல்லாட்டி குளத்தடி லயத்து வீடுகள்ல இருக்கிற இருபத்துநாலு குடும்பமும் நாளைக்கே வெளிய. பேரைச் சொல்லிட்டா, அந்த எட்டுப் பேரு மட்டும் போனாப் போதும்."

விஜயலெட்சுமி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கடைசி பெஞ்சு தெரியும். அங்கே அவள் புருஷன் சதீஸ்குமார், குல்லாவைக் கண் வரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். குல்லாவுக்குள்ளே இரண்டு புருவமும் பொசுங்கியிருந்தன.

பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது. யாரோ எழுந்திருக்கிறார்கள். யாரென்று அவளுக்குத் தெரியும்.

"ஐயா, நான்…" என்று சதீஸ்குமார் ஆரம்பித்தான்.

"பார்த்தேங்க!" விஜயலெட்சுமி குரலை உயர்த்தினாள். "எட்டுப் பேரையும் பார்த்தேன். பேரைச் சொல்றேன், எழுதிக்கங்க."

"அடிப்பாவி, காட்டிக்குடுக்கப் போறா" என்று பின்னால் ஒரு பெண் முணுமுணுத்தாள். சதீஸ்குமார் நின்றபடியே நின்றான்.

"அப்பிடிச் சொல்லுங்கோ. முதலாவது?"

"வீரசிங்கம்ங்க. அப்புறம் தம்பையா. கஜரூபன். ராசநாயகம்…"

துரை வாய்க்குக் கொண்டுபோன தேநீர்க் கோப்பை பாதியில் நின்றது.

விஜயலெட்சுமி மூச்சு விடாமல் எட்டையும் சொல்லி முடித்தாள். அம்பலவாணர் எட்டையும் எழுதி, நம்பர் போட்டு, அடிக்கோடும் இழுத்தார்.

"பனிக்குள்ள எப்பிடி இவ்வளவு துல்லியமா மட்டுக்கட்டினீங்கள்?"

"காத்து அடிச்சு ஒரு நிமிஷம் வெலகுச்சுங்க. அப்ப கரியைக் கழுவிக்கிட்டு இருந்தாங்க."

"உங்களுக்குப் பழக்கமான ஆக்களோ?"

"பேசினதில்லங்க. அவங்க பெரிய எடம். லயத்துப் பக்கமே வரமாட்டாங்க."

"எங்க இருக்கினம்?"

"குளத்தோரம் புதுசா கட்டின எட்டு வீட்டுலங்க. ஒண்ணாம் நம்பர்ல வீரசிங்கம், ரெண்டாம் நம்பர்ல தம்பையா. வரிசையா இருக்காங்க."

பின்னால் யாரோ இருமினார்கள். அது சிரிப்பு மாதிரியும் இருந்தது.

"சார், இவளுக்கு நாலு நாளாக் காய்ச்சல்," என்றார் துரை. "என்ன பேசறோம்னு அவளுக்கே தெரியாது."

"இல்லை துரை, நல்ல தெளிவான சாட்சி. பின்னேரத்துக்குள்ள ஆளைப் பிடிக்கோணும் எண்டு நீங்கள்தானே நிண்டனீங்கள்? எட்டுப் பேரையும் கூப்பிடுங்கோ."

"லீவுல போயிருக்காங்க."

"எட்டுப் பேருமோ?"

"குடும்பத்தோட."

"எந்த ஊர் எண்டு சொல்லுங்கோ, பொலிசை அனுப்பிக் கூட்டி வருவம். ஆக்களை நேரில காணாமல் நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

துரை கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். வெளியே நல்ல குளிர்.

"யோசிச்சுப் பார்த்தா, சார்… படகு எஞ்சின் பழசு. சூடேறித் தானாப் பத்தியிருக்கும். யாரு மேலயும் புகார் இல்லைன்னு எழுதிருங்க."

"தெப்பத்தில வந்த எட்டுப் பேர்?"

"காவல்காரன் கனவு கண்டிருப்பான்."

அம்பலவாணர் எழுதியதை அடித்துவிட்டு, துரை சொன்னதைச் சொன்னபடியே எழுதி, அதன் கீழே துரையிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

தேயிலை மலை இறக்கத்தில் சதீஸ்குமார் மனைவியை எட்டிப் பிடித்தான்.

"ஏய், அந்த எட்டு வீட்டுல வெள்ளைக்காரங்கதானடி தொரைக்கு வாடகை குடுத்து வந்து வந்து தங்குறாங்க? அந்தப் பேரையெல்லாம் எங்க பிடிச்ச?"

"வீடு கேட்டுத் தொரை ரூமுல மூணு நாளு நின்னேன்ல, அப்ப மேசையில கெடந்த பட்டியல்ல," என்றாள் விஜயலெட்சுமி. "நம்ம லயத்துக்குன்னு கட்டின அந்த எட்டு வீட்டையும் வாங்கிக்கிட்டோம்னு, பொறக்கவே பொறக்காத எட்டுப் பேரு தொரை கையெழுத்துலயே ஒப்பம் போட்டிருக்காங்க."