ஒரே ஒரு சீட்

“அந்தப் பாயிண்ட்ல கை வெச்சீங்க, அப்புறம் நடக்கறதே வேற!”

கையில் பிடித்த கரண்டியோடு ஹாலுக்கு வந்து நின்றாள் அவள். கணவன் போனில், அன்று மாலையே கிளம்பும் விமானத்தைத் தேடிக்கொண்டிருந்தான். மளிகையிலிருந்து மகனின் பென்சில்வரை கிரெடிட் கார்டிலேயே தேய்த்துத் தேய்த்து அவள் சேர்த்த, விமான டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளும் பாயிண்ட்கள். லீவில் மூன்று பேரும் பறந்துபோய்க் கடல் பார்ப்பதற்காக.

“கடைசி நேர டிக்கெட் மொத்தத்தையும் முழுங்கிடும். தெரியுமில்ல?”

“தெரியும். பெத்த தாய் ஆஸ்பத்திரியில கிடக்கறப்ப கடலா முக்கியம்?”

“தாயாம் தாய்! நம்ம கல்யாணத்துக்குத் தலையைக் காட்டினாங்களா? பேரன் பொறந்தப்ப எட்டிப் பார்த்தாங்களா? இப்ப மட்டும் பாசம் பொத்துக்கிட்டு வருதோ?”

“மெதுவா பேசு. பையன் தூங்கறான்.”

“எந்திரிக்கட்டும்! பாட்டியோட லட்சணத்தைத் தெரிஞ்சுக்கட்டும்!”

“ஒரே ஒரு சீட்தான் இருக்கு” என்றபடி அவன் பயணியின் பெயரைத் தட்டினான். எட்டிப் பார்த்தவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

“என் பேரை எதுக்குப் போடறீங்க?”

“அத்தை கண்ணு முழிச்சதும் தேடினது உன்னைத்தானாம். இந்த மாப்பிள்ளையை இல்ல.”

“நான் செத்தாலும் என் மூஞ்சியில முழிக்காதேன்னு துரத்தினவங்கதானே? போகமாட்டேன். தலைகீழா நின்னாலும் போகமாட்டேன்!”

கத்திக்கொண்டே உள்ளே போனவள், அலமாரியைத் திறந்து, கைக்கு வந்த துணிகளைப் பையில் திணித்தாள்.

“இன்னும் என்ன போனையே பார்த்துட்டு? டாக்ஸியைக் கூப்பிடுங்க! எங்கம்மாவுக்குக் காத்திருக்கிற பழக்கமே கிடையாது!”