கீழ்க்குழாய்

"நாளையிலேருந்து நீ கீழ்க்குழாய்" என்றார் ஃபோர்மேன் கூ.

வெங் ஷிவெய் தலையை மட்டும் ஆட்டினான். சுற்றி நின்றவர்களுக்குத்தான் திக்கென்றது.

தைவானின் காவோசியுங் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த ஆலை அது. மற்ற தொழிற்சாலைகள் உபயோகித்து அழுக்காக்கிய ஆல்கஹால் கலவை அங்கே லாரியில் வரும். உயரமான கோபுரத்தின் அடியில் அதைக் கொதிக்க வைப்பார்கள். ஆவி ஏற ஏற ஒவ்வொன்றாகப் பிரியும். உச்சியில் மெத்தனால். நடுக்குழாயில் எத்தனால். அடியில், கீழ்க்குழாயில் தங்குவது பியூட்டனால். அதன் நெடி சட்டையில் ஏறினால் துவைத்தாலும் போகாது.

நடுக்குழாய் ஷிவெய்யின் பொறுப்பு. அவன் பார்த்துக்கொண்டால் எத்தனால் அவ்வளவு சுத்தமாக இறங்கும். அவனைப் போய் ஏன் அடிக்குத் தள்ளினீர்கள் என்று கேட்டவர்களிடம், "என் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் பாக்கு மென்றார் கூ.

பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த பெங் லீஹுவாவுக்குப் பொறுக்கவில்லை. நெடி பிறர்மேல் அடிக்கக் கூடாதென்று ஷிவெய் சாப்பாட்டுப் பெட்டியோடு வெளியே போய்த் தனியாக உட்கார்ந்ததை அவள் பார்த்தாள். கெட்டிக்காரனைக் கண்டால் கூவுக்கு ஆகாது, அதுதான் விஷயம் என்று ஆலை முழுக்கச் சொன்னாள்.

எல்லோரும் நம்பினார்கள். வருடக் கடைசி விருந்தில் கூவின் மேசையில் பாதி நாற்காலிகள் காலி. ஷிவெய் விருந்துக்கே வரவில்லை. அவமானம் தாங்காமல்தான் வரவில்லை என்றாள் லீஹுவா.

அதோடு விடவில்லை. தொழிற்சங்கத்தாரைக் கூட்டிக்கொண்டு மேனேஜரிடம் போனாள். விளக்கம் கேட்டபோதும் "என் இஷ்டம்" என்பதையே திரும்பச் சொன்னார் கூ. மேனேஜர் ஷிவெய்யைத் திரும்ப நடுக்குழாய்க்கே போட்டார்.

லீஹுவா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"ஜெயிச்சுட்டோம்டா தம்பி. நாளைக்கு நீ உன் பழைய இடத்துக்குப் போற."

ஷிவெய்யின் முகம் வெளுத்தது. நேரே கூவின் அறைக்கு நடந்தான். இத்தனை நாள் அடக்கி வைத்ததையெல்லாம் இன்றைக்குக் கேட்டுவிடப் போகிறான் என்று லீஹுவாவும் பின்னாலேயே போனாள். கதவு சரியாகச் சாத்தவில்லை; வெளியே நின்றவளுக்கு உள்ளே பேசுவது கேட்டது.

"ஃபோர்மேன், குடியை விட்டு இப்பதான் கொஞ்சம் நிமிர்ந்திருக்கேன்" என்றான் ஷிவெய். குரல் உடைந்திருந்தது. "நடுக்குழாய்கிட்ட நின்னா அந்தச் சாராய வாசனையே மறுபடி குடிக்கச் சொல்லுது. அதனாலதானே என்னை மாத்திடுங்க, காரணம் யாருக்கும் தெரிய வேணாம்னு உங்ககிட்ட கெஞ்சினேன். இப்ப மறுபடியும் அங்கயே போடறாங்க."

கூ வாயிலிருந்த பாக்கைத் துப்பினார்.

"சரி, விடு. உன் மூஞ்சியைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது, நீ மேல இருந்தா நான் வேலைக்கு வரமாட்டேன்னு மேனேஜர்கிட்ட சண்டை போடறேன். கீழயே விட்டுடுவார்."

"உங்களை இன்னும் கேவலமா பேசுவாங்களே."

"பேசட்டும். நீ கண்ணைத் துடைச்சுக்க. வெளிய போறப்ப கதவைப் படார்னு சாத்திட்டுக் கோபமா போ. லீஹுவா பார்த்துக்கிட்டு இருப்பா."