மூன்றாவது ரேம்

“ரெண்டாவதும் செத்துடுச்சு அண்ணே,” என்று போனில் கிசுகிசுத்தான் நந்தகுமார். வாடிக்கையாளர் வீட்டுக் கணினித் திரையில், புதிதாக மாட்டிய ரேம் என்ற நினைவகச் சில்லின் சோதனை ஓடிக்கொண்டிருந்தது. வரிவரியாகச் சிவப்பில் பிழைகள்.

“இன்னா நைனா, வெளாட்றியா? முந்தாநேத்துதான புதுசு மாட்டிட்டு வந்த? அதுக்கு மின்னாடி மாட்னதும் பூட்ச்சு!” கடை முதலாளி பாண்டுரங்கன் கத்தியது போனை விட்டு வெளியே கேட்டது. “ஸ்லாட்டு மாத்திப் பாத்தியா?”

“பாத்துட்டேன். அவங்க பழைய ரேம் எந்த ஸ்லாட்டுல போட்டாலும் ஓடுது. நாம குடுத்ததுதான் எதுல போட்டாலும் சிவப்பு.”

“பையில இன்னொன்னு கீதுல்ல, அத மாட்டு. பழசு இன்னா ஸ்பீடோ அதே ஸ்பீடான்னு ஸ்டிக்கர் பாத்து மாட்டு. இதுவும் திரும்பி வந்துச்சு, நீ கடைக்குத் திரும்பி வராத.”

மெட்ராஸில் வேலை கிடைத்துவிட்டதென்று தென்காசியில் நந்தகுமாரின் அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

எதிரே வர்ஷினி கைகட்டி நின்றாள். வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்ப்பவள். “நேத்து மீட்டிங் நடுவுல அப்படியே நின்னுபோச்சு. உங்களுக்கு நிஜமாவே இந்த வேலை தெரியுமா?”

“கடக்காத்து மேடம். உப்பு புடிச்சிருக்கு.” கழற்றிய ரேமின் பொன்னிறப் பற்களில் ஏதோ வெளிர்மஞ்சளாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. பட்டினப்பாக்கத்துக் கடல் ஜன்னலுக்கு வெளியேதான் இரைந்துகொண்டிருந்தது.

“அப்போ பழசுக்கு மட்டும் ஏன் பிடிக்கல?”

அவன் அதை ரப்பரால் தேய்த்து மறுபடி மாட்டினான். மறுபடி சிவப்பு.

“அவனைத் திட்டாதேடி,” என்று பூஜை அறையிலிருந்து குரல் கொடுத்தாள் வர்ஷினியின் அம்மா அபயாம்பாள். “புதுசு நன்னா உழைக்கணும்னு ஒவ்வொரு தடவையும் நானும் வேண்டிண்டுதான் இருக்கேன்.”

மூன்றாவது ரேமை எடுத்தான். டிடிஆர் ஃபோர் வகை, எட்டு ஜிபி, பழசின் ஸ்டிக்கரில் இருந்த அதே வேகம். இரண்டு முறை ஒப்பிட்டுவிட்டு, ஸ்லாட்டை ஊதி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினான். ‘டக்’.

சோதனை ஓடியது. பாதி வந்தது. வர்ஷினியும் நகம் கடிக்க ஆரம்பித்தாள். முடிந்தது. ஒரு சிவப்பு வரி இல்லை.

“தேங்க்ஸ்,” என்றாள், முதல் தடவையாகச் சிரித்து.

பெட்டியின் மூடியைப் போட்டான். வந்தபோது திருகுகள் விரல் பட்டதுமே கழன்றது நினைவுக்கு வந்தது. போன தடவை பதற்றத்தில் சரியாக முடுக்கவில்லை போல. இந்த முறை மணிக்கட்டு வலிக்கும்வரை முடுக்கினான்.

“ஓடுது அண்ணே!”

“அப்டிப் போடு! வா, டீ சொல்லி வெக்கிறேன்.”

தோளில் பையோடு செருப்பை மாட்டியவனை, “ஒரு நிமிஷம்ப்பா” என்ற குரல் நிறுத்தியது. திரும்பினான். கணினிப் பெட்டி முன் சம்மணமிட்டு உட்கார்ந்து, திருகை விரலால் நெம்பிக்கொண்டிருந்தாள் அபயாம்பாள். மடியில் ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணம்.

“இந்தத் தடவை ஏம்ப்பா இப்படி இறுக்கிட்டே? புதுசுக்குச் சந்தனம் வெக்கணும், திறந்து குடு!”