ஸஹாப்தீன்ட கார்

காருக்குக் கீழே மல்லாந்து படுத்த பிறகுதான் தெரிந்தது, அந்த மனிசன் அங்கேயும் இருக்கிறான்.

ஒவ்வொரு நட்டும் துடைத்து, கிரீஸ் பூசி, துரு என்ற பேச்சுக்கே இடமில்லாமல் இருந்தது. ஹார்பர்க் காற்றுக்கு எங்கள் ஒழுங்கையில் கேற்றும் ஜன்னல் கம்பியும் உக்கிக் கொட்டுகின்றன. இந்தப் பழைய ஸிவிக் காரின் அடிப்பாகம் மட்டும் பெருநாளைக்குக் குளித்த பிள்ளை மாதிரி.

ஸஹாப்தீன் ஹார்பரில் கிரேன் ஓட்டினவன். நெஞ்சுவலியில் மவுத்தாகி மூன்று வருடமாகிறது. அவன் மனைவி நுஸ்ரத் இப்போது என் மனைவி.

எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகவேண்டும். நானும் மூதூரில் இருந்து ஒரு சூட்கேசோடு வந்தேன். அவன் அலுமாரியில் என் சேட்டுகள் தொங்கின. அவன் சாய்ந்த கதிரையில் நான் சாய்ந்தேன். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

காரைத்தான் பொறுக்க ஏலாமல் இருந்தது. அதை ஓட்டுவது நான். சந்தியில் நிற்கிறவன் எல்லாம், ஸஹாப்தீன்ட கார் போகுது என்கிறான்.

அதனால்தான் ஸ்டோர் அறையில் சாக்கு சுற்றிக் கிடந்த ஸ்வே பாரைக் கண்டதும், நானே பூட்டுகிறேன் என்று சொன்னேன். வளைவில் திரும்பும்போது கார் ஒரு பக்கம் சரியாமல் பிடிக்கிற இரும்புக் கம்பி அது, பின்பக்கத்துக்குப் பூட்டுவது. வாங்கி வைத்தவன் பூட்டாமலே போய்விட்டான். அவன் விட்ட வேலையை நான் முடித்தால் இந்தக் காரில் எனக்கும் ஒரு பங்கு வராதா?

நான் புடவைக்கடைக்காரன். கத்தரிக்கோல் பிடித்த கை. ஆனாலும் ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் படித்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, சோறு தின்றுவிட்டு, முற்றத்தில் பாயை விரித்தேன். நுஸ்ரத் டோர்ச் பிடிக்க வந்தாள்.

ஜக் அடித்துக் காரைத் தூக்கியதும், ஸ்பெயார் டயரைக் கீழே தள்ளி வைத்தாள். ஜக் வழுக்கினாலும் கார் உங்கட நெஞ்சில் விழாது என்றாள். அவன் சொல்லிக் கொடுத்திருப்பான்.

நான் கேட்க முன்னமே சரியான ஸ்பேனர் கைக்கு வந்தது. அவனுக்கும் இப்படித்தானே எடுத்துக் கொடுத்திருப்பாள். எத்தனை வெள்ளிக்கிழமை, இதே முற்றத்தில், அவன் கீழே, இவள் பக்கத்தில்.

கம்பியைப் பிடிக்கிற ரப்பருக்குள் கிரீஸ் பூச மறந்துபோனேன். நுஸ்ரத் கிரீஸ் டப்பாவை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். அதுவும் அவன் பழக்கம்தான், வேறென்ன?

நட்டுகளை முழுப் பலத்தோடு இறுக்கப் போனேன். இப்போது வேண்டாம் என்று தடுத்தாள். கார் தன் காலில் நின்ற பிறகுதான் இறுக்க வேண்டுமாம். சில்லு தரையில் படாமல் தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுகிக் கிழிந்துவிடுமாம். வீடியோக்காரன்கூட இதைச் சொல்லவில்லை.

"எல்லாம் ஸஹாப்தீன் சொன்னதா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் எழும்பிப் போனாள். இரண்டு தடித்த பலகைகளைக் கொண்டுவந்து பின்சில்லுகளுக்குக் கீழே வைத்தாள். அதன்மேல் காரை இறக்கினோம். இனிக் கடைசி இறுக்குத்தான். அதற்கு ட்ரைவர் சீட்டில் ஆள் பாரம் இருக்கவேண்டும், அப்போதுதான் கம்பி ரெண்டு பக்கமும் சமமாக நிற்கும் என்றாள்.

அப்படியென்றால் நீ போய் இரு, நான் இறுக்குகிறேன் என்றேன். அவன் அவளை அப்படித்தான் இருத்தியிருப்பான். இந்த ஒன்றையாவது அவனை விட நன்றாகச் செய்து காட்டவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நுஸ்ரத் தலைத்துணியை இழுத்துப் பின்னால் முடிந்தாள். என் கையில் இருந்த ஸ்பேனரை வாங்கினாள்.

"நீங்கதானே ஓடுற. நீங்க ஏறி இருங்க," என்றாள். "அவரும் மேலதான் இருப்பாரு. அவருக்கு ஒரு நட்டுக் கழட்டவும் தெரியாது. இது என்ட வாப்பாட கராஜில நான் படிச்ச வேல."

சொல்லிவிட்டுப் பாயில் சரிந்து, ஒரே தள்ளில் காருக்கு அடியில் போய்விட்டாள்.

நான் ஏறி இருந்தேன். முதலில் சிரிப்புத்தான் வந்தது. இவ்வளவு நேரமும் மவுத்தானவனோடு மல்லுக்கட்டினேனே, அவன் ஒரு நட்டைக்கூடத் தொட்டதில்லையாம். தொட்டதெல்லாம் என் பொஞ்சாதியின் கை. பெரிய பாரம் ஒன்று இறங்கினது போலிருந்தது. சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன்.

கீழே ஸ்பேனர் கிறுக் கிறுக்கென்று இறுகியது. அதோடு சேர்ந்து இன்னொரு சத்தம் வந்தது. எங்கேயோ றேடியோ என்று நினைத்தேன்.

நுஸ்ரத் பாடிக்கொண்டிருந்தாள்.

கலியாணம் முடித்த இத்தனை மாதத்தில் குசினியில் இல்லை, கிணற்றடியில் இல்லை, அவள் வாயில் ஒரு பாட்டு நான் கேட்டதில்லை. மெல்லிய குரல். தகரத் தளத்தைத் தாண்டி நேராக என் காலடிக்கு வந்தது. பாரம் மாறக்கூடாது, ஆடாமல் இருங்கள் என்று நடுவில் ஒருமுறை சொல்லிவிட்டு, விட்ட இடத்தில் இருந்து திரும்பவும் பாடினாள்.

ஆடாமல் இருந்தேன். எனக்கு அந்தப் பாட்டு இதுதான் முதல் தரம்.

இதே சீட்டில் இருந்த ஸஹாப்தீனுக்கு மனப்பாடமாகவே இருந்திருக்கும்.