கறுப்பு இரண்டு கோட்

மாசிலாமணி செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, கருவிப் பையோடு நேராகக் கூலர் பக்கம் போனார்.

அவரை யாரும் கூப்பிடவில்லை.

என் கணவர் பரமசிவம் இறந்து அன்று ஆறாம் நாள். டெல்லியில், எங்கள் லோதி ரோடு குவார்ட்டர்ஸில், கூலருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் ஒரு கையால் அதன் தகர உடம்பைத் தொட்டார். ஷாக் அடித்து ஈரத் தரையில் விழுந்தார். வாளி உருண்டுபோய்க் கதவில் முட்டி நின்றது.

1979, ஜூன் மாதம். அந்த வெயிலில் உடலை வைத்திருக்க முடியாது என்று மறுநாளே எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள். தந்தி கிடைத்துத் திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வந்த என் மாமியார் பொன்னம்மாளுக்கு மகன் முகம் பார்க்கக் கிடைக்கவில்லை.

அத்தைக்குத் திட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது. கூலருக்கு ஒயரிங் செய்தது யார் என்று கேட்டாள். ஐ.என்.ஏ. மார்க்கெட் பக்கம் எலெக்ட்ரிக் கடை வைத்திருக்கும் மாசிலாமணி என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

போலீஸுக்குக் கொடுக்க ஹிந்தியில் ஒரு புகார்கூடத் தயாராகிவிட்டது. மாடி வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தார். நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. செய்தி மாசிலாமணி காதுக்குப் போயிருக்க வேண்டும்.

"என்னடே, இந்த வீட்ல இன்னும் யாரு மிச்சம்னு எண்ணிப் பாக்க வந்தியோ?" என்றாள் அத்தை.

"திட்டுங்க பெரியம்மா. தொறந்து காட்டிடறேன். அப்புறம் நல்லாத் திட்டுங்க."

அவர் மெயின் சுவிட்சை இறக்கினார். கூலரின் பக்கத் தட்டியைக் கழற்றிச் சுவரில் சாத்தினார். பெயின்ட் வாசனை குப்பென்று வந்தது.

டெல்லியில் கூலர் தகரத்துக்கு ஆயுசு குறைவு. நாலு மாதம் உப்புத் தண்ணீரில் நிற்கிறது, மீதி எட்டு மாதம் பால்கனியில் கிடந்து காய்கிறது. முந்தின வருஷம் அடித்தகடு ஓட்டையாகி, என் கணவர் ஆபீஸிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த ஃபைல்கள் நனைந்துவிட்டன. இரண்டு நாள் அவற்றை மொட்டை மாடியில் விரித்துக் காயவைத்தோம்.

தண்ணீரும் காற்றும் சேர்ந்து இரும்பைத் தொட்டால்தான் துரு. நடுவில் பெயின்ட் ஒரு தோல் போல நின்றுவிட்டால் தொட முடியாது. ஆனால் ஊசி முனையளவு இடம் விட்டாலும் போதும், துரு அங்கே ஆரம்பித்துப் பெயின்ட்டுக்கு அடியிலேயே பரவிவிடும்.

அதனால் அந்த வருஷம் ஒரு மூலையும் விடவில்லை. எமரித் தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு ஒரு கோட், அது காய்ந்ததும் கறுப்பு இரண்டு கோட். அவர் போவதற்கு மூன்று நாள் முன்புதான் அந்த வேலை முடிந்தது. "கூலரா, கல்யாண மாப்பிள்ளையா?" என்று மாடி வீட்டுப் பூங்கோதை எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

மாசிலாமணி பம்புக்குப் போகும் ஒயரைத் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். அங்கே மேலுறை நைந்து செம்பு தெரிந்தது.

"இங்கேருந்துதான் கரண்டு தகரத்துல ஏறியிருக்கு. ஆனா எர்த் ஒயர் அத வாங்கித் தரைக்குள்ள விட்டிருக்கணும். ஆளத் தொட்டிருக்கக் கூடாது. எர்த் ஒயர் இதோ இருக்கு. இழுத்துப் பாருங்க, டைட்டா இருக்கு."

"பெறகு எப்படிடே எம் புள்ளயத் தொட்டுச்சு?"

அவருக்கும் அதுதான் தெரியவில்லை. ஸ்பானரை எடுத்து எர்த் ஒயரின் நட்டைத் தளர்த்தினார். ஒயர் முனையிலிருந்த செம்பு வளையம் கையோடு வந்தது.

அதற்கு அடியில் தகரம் கன்னங்கரேலென்று, வழுவழுப்பாக இருந்தது.

அவர் கத்தி முனையால் சுரண்டினார். கறுப்பு சுருள் சுருளாக உரிந்தது. வெள்ளைத் தகரம் பளிச்சென்று தெரிந்தது.

"இந்த எடத்த நான் வேணும்னேதான் வெறுந்தகரமா விட்டிருந்தேன். கூலர் முழுக்கப் பெயின்ட் படக் கூடாத எடம் இது ஒண்ணுதான். யாரோ நட்டக் கழட்டி, தேச்சு, பூசி, காயவச்சு, திரும்ப முடுக்கியிருக்காங்க. பெயின்ட்டத் தாண்டிக் கரண்டு எர்த்துக்குப் போகாது, பெரியம்மா."

வளையத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அச்சா வேலை. எங் கடைப் பசங்ககூட இவ்ளோ சுத்தமாச் செய்ய மாட்டானுங்க. யாரு அடிச்சது?"

அவர் பொதுவாகத்தான் கேட்டார். அத்தை என்னைப் பார்த்தாள்.

"அவர்தான்" என்றேன்.

மாசிலாமணி தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்தபின்னும் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

அத்தை எழுந்து, அலமாரியிலிருந்த புகாரை எடுத்து நாலாகக் கிழித்தாள்.

"எதச் செஞ்சாலும் திருத்தமாச் செய்வான்" என்றாள். "சின்னதுலேர்ந்தே அப்படித்தான்."

வந்த நாளிலிருந்து என்னைத் தொடாதவள், பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைத் தேடினாள்.

முந்தானைக்குள் இருந்த கைகளை நான் வெளியே எடுக்கவில்லை. டர்பன்டைன் போட்டு மூன்று தடவை தேய்த்தும் நகக்கண்களில் அந்தக் கறுப்பு போகாமல் இருந்தது.