பசையிலும் வைரம்

வைரம் கல்லுக்கு வெளியேயும் இருந்தது.

தேநீர்க் கோப்பையை எடுக்கப் போன அவள் முழங்கை மைக்ராஸ்கோப்பின் தட்டில் இடித்துவிட்டது. சிலைடு நகர்ந்து, கல்லின் விளிம்பைத் தாண்டி, கல்லைக் கண்ணாடியோடு ஒட்டியிருந்த பசை தெரிந்தது. அந்தப் பசைக்குள் மூன்று வைரங்கள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். மூன்று அல்ல, ஐந்து.

மலை உருவாகிற காலத்தில் ஒரு கண்டத்தின் ஓரம் இன்னொரு கண்டத்தின் அடியில் மாட்டிக்கொண்டு, நூற்றிருபது கிலோமீட்டர் கீழே போய், நசுங்கி, எப்படியோ தப்பித்து மேலே வந்தால் அந்தப் பாறைக்குள் வைரம் இருக்கலாம். டப்பாவில் வாங்கிய பசைக்குள் எப்படி இருக்கும்? அது எந்த மலைக்கு அடியில் போய் வந்தது?

தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

வருடக்கணக்காக இந்த ஒரே பாறையைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். "இது அவ்வளவு ஆழமெல்லாம் போயிருக்காது" என்று முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டிருந்த ஆய்வகத் தலைவர், போன வாரம் வைரம் என்றதும்தான் வாயை மூடினார். இந்த அறையை நிலத்தடி நீரை ஆராய்கிறவர்களுக்குக் கொடுப்பதாக இருந்ததையும் நிறுத்திவைத்தார். இன்று பிற்பகல் கூட்டத்தில் அவளே எழுந்து நின்று அறிவிக்க வேண்டும். வைரம் இல்லையென்றால் அறை இல்லை. அறை இல்லையென்றால் வேலையும் இல்லை.

வீட்டு ஆட்கள் தனி. சின்ன மாமனார் எத்தனை காரட் என்று கேட்டார். நாத்தனார் மோதிரத்துக்குத் தேறுமா என்றாள். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குதான் அது என்று சொன்னால், இவள் மறைக்கிறாள் என்று நினைத்தார்கள். மாமியாரோ பார்க்கிறவர்களிடமெல்லாம் மருமகள் வைரம் கண்டுபிடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் சிலைடைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். கல்லை மெல்லிசாகச் சீவி வழவழப்பாக்குகிற பாலிஷ்காரர் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கல்லைத் தேய்க்க வைரத்தூள் கலந்த மெருகுப் பசை கூடவே கூடாது, வெள்ளைப் பொடி மட்டும்தான் என்று முன்பே தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தாள். எதைப் போட்டீர்கள் என்று கேட்டாள்.

அவர் முகம் மலர்ந்தது. "உங்க கல்லாச்சே மேடம். மத்தவங்களுதைவிட நல்லா மின்னட்டும்னு, பூட்டி வச்சிருந்த உசத்திப் பசையப் போட்டேன்."

அந்த உசத்திப் பசை முழுக்க வைரத்தூள். கல்லின் கீறலிலும் ஓட்டையிலும், ஒட்டுகிற பசையிலும் அது போய் உட்கார்ந்துகொண்டதைத்தான் லேசர் கருவி போன வாரம் 'வைரம்' என்றது. கருவி பொய் சொல்லவில்லை. நிஜ வைரம்தான், ஆனால் தொழிற்சாலையில் பிறந்தது.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை எங்கே கொட்டுவது? "ரொம்ப நல்லா மின்னுது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். தன் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது. விளிம்பைத் தாண்டி ஒரு தடவை பார்த்திருக்கலாமே. வைரம் என்றதும் மற்றவர்களைப் போலத்தான் நாமும் பல்லை இளித்திருக்கிறோம்.

மறுபடி உட்கார்ந்தாள். உள்ளே, கனிமத்துக்குள்ளேயே புதைந்ததாக ஒன்றாவது இருக்கிறதா என்று ஓரத்திலிருந்து தேட ஆரம்பித்தாள். மின்னியதெல்லாம் மேலோட்டமாகவே மின்னியது. ஒவ்வொன்றாகத் திட்டிக்கொண்டே தள்ளினாள்.

பிறகு, கார்னெட் என்கிற சிவப்புக் கனிமத்தின் நடுவில், மங்கலாக ஒரு மணி. அதில் மினுக்கம் எதுவும் இல்லை. ஆனால் அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் கார்னெட் விரிசல் விட்டிருந்தது, கல் பட்ட கண்ணாடி மாதிரி. இந்த இடத்தைப் போன வாரமும் தாண்டித்தான் போனாள். வைரம் கண்ணைப் பறிக்கிறபோது இதை யார் பார்ப்பார்கள்?

அவள் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

அந்த மணி சாதாரண மணல்தான், கடற்கரையில் காலில் ஒட்டுகிற அதே சரக்கு. மிக ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் இறுகி வேறொரு கனிமமாக மாறும். மேலே வரும்போது அழுத்தம் விட்டு, மறுபடி மணலாகிப் பருத்து, தன்னைப் பிடித்துவைத்திருக்கிற கார்னெட்டையே உடைக்கும். மறுபடி மணலாகாமல் தப்பிய ஒரு துளி நடுவில் மிச்சமிருந்தால் போதும், ஆழத்துக்கு அதுவே சாட்சி.

மிச்சமிருந்தது. லேசர் கருவியின் கோடு அந்த ஒரு கனிமம் மட்டுமே எழுப்புகிற இடத்தில் எழுந்தது. தொண்ணூறு கிலோமீட்டர் ஆழம், குறைந்தபட்சம். உள்ளிருந்து வெடித்த இந்த விரிசலை எந்தப் பசையாலும் போட முடியாது.

கூப்பிட்டதும் தலைவர் வந்தார். வைரம் வந்த கதையை முதலில் கேட்டு முகம் சுண்டினார். பிறகு குனிந்து வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது முன்பு தான் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "கூட்டத்துல இதச் சொல்லுங்க" என்றார். "அறை இங்கயே இருக்கட்டும்."

அவர் போனதும் மாமியாரின் அழைப்பு வந்தது. மகிழ்ச்சியில் வந்த அழுகையை விழுங்கிக்கொண்டே எடுத்தாள்.

"என்னம்மா, வைரம்னு உறுதியாயிடுச்சா?"

"இல்ல அத்தை. மணல்தான்."

 

"போனாப் போகுது, விடும்மா. ஊரெல்லாம் சொன்னவ நான்தானே, நானே சமாளிச்சுக்கறேன். யாராவது உன்ன ஏதாவது கேட்டா என்கிட்ட அனுப்பு. நீ அழாத, நேரத்துக்கு வீட்டுக்கு வந்து சேரு."

அந்தக் குரல் அவ்வளவு பரிவாக இருந்தது. தொண்ணூறு கிலோமீட்டரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தவள், "சரி அத்தை" என்று மட்டும் சொன்னாள்.